திரும்பி வருகிற காட்சி

கோபாலபுரம் சோதனைச்சாவடிக்குக் கூப்பிடு தூரத்தில் பேருந்து ஒரு பெருமூச்சு விட்டு நின்றது. ஓட்டுநர் இறங்கி முன்சக்கரத்தை ஒரு உதை உதைத்தார். "இனி இது நகராதுங்க. சோலி இருக்கறவங்க நடந்துக்குங்க."

பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே மாநிலம் தாண்டிக் கேரளத்துக்குள் நுழைந்தேன். தக்காளிப் பெட்டிகள் ஏற்றிய லாரிகள் வரிசையில் நின்று கொதித்தன. எல்லையில் எதுவும் மாறுவதில்லை. அதே தென்னை, அதே வெயில், அதே புழுதி. பலகையில் இருக்கிற எழுத்து மட்டும் உருண்டையாகிவிடுகிறது. எங்கள் திருச்சியில் ஆறு தாண்டினால் ஊர் மாறியதை உடம்பு சொல்லும். இங்கே யாராவது சொன்னால்தான் தெரிகிறது.

வந்த வேலை இதுதான். மலையாளத்தில் ஒரு கொலைப் படம் எடுக்கிறார்கள். அதில் கொலை செய்கிறவன் தமிழ் பேச வேண்டும். அந்தத் தமிழைச் சரிபார்த்துத் தர ஓர் ஆள் தேவை. யாரோ என் பெயரைச் சொல்லியிருக்கிறார்கள். இத்தனை வருடம் மழையையும் மரணத்தையும் எழுதியவனுக்குக் கிடைத்த முதல் சினிமா வேலை, ஒரு கொலைகாரனின் வாய்.

கதை சிக்கலில்லாதது. கிழக்குப் பாலக்காட்டில் நிலபுலமுள்ள ஒரு பெரிய மனிதர் கொல்லப்படுகிறார். போலீஸ் பல பேரைச் சந்தேகித்து, கடைசியில் இடுக்கி மலையேறி, தேயிலைத் தோட்டத்துக் கூலிகளின் வரிசைவீடுகளான லயத்திலிருந்து ஒருவனை விலங்கு மாட்டி இழுத்து வருகிறது. செத்தவருக்குத் தோப்பு, கொன்றவனுக்கு லயம். படிக்கும்போதே எனக்குக் கொலைகாரன் யாரென்று தெரிந்துவிட்டது. துப்பு எதுவும் தேவைப்படவில்லை. இரண்டாம் பக்கத்தில் அவன் வீட்டுக் கூரை ஒழுகியது.

பெரிய மனிதரின் வீடாக வேடம் போட்டது கோவிந்தாபுரத்துக்கு உள்ளே தள்ளியிருந்த ஒரு நிஜப் பெரிய வீடு. உரிமையாளர் பெரியசாமி, வேலையாட்கள் அவரைப் பண்ணாடி என்று கூப்பிட்டார்கள். பண்ணாடி என்றால் பண்ணைக்கு உடையவர். ஒரு காலைப்பொழுதுக்குள் படப்பிடிப்புக் குழுவும் அப்படியே கூப்பிடத் தொடங்கிவிட்டது. விளக்குத் தூக்குகிற பையன்கள்கூட அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போனார்கள். யாரும் சொல்லவில்லை. அந்த வாசலே சொல்லியது.

பிணம் முற்றத்தில் விழ வேண்டும் என்பது திரைக்கதை. பெரியசாமி காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

"ஏனுங்க, நம்மூட்டு வாசல்ல பொணம் உழுகறது சரிப்படாதுங்க. மாந்தோப்புல வேணும்னா உழுகட்டும். தோப்பு பெருசு, தாங்கும்."

இயக்குநர் இளைஞர், நல்ல மாதிரி. ஒரு நொடி யோசித்தார். பிணம் மாந்தோப்புக்கு நகர்ந்தது. ஒரு கொலை நடந்த இடத்தை மாற்ற ஒரு டம்ளர் காபி குடிக்கிற நேரம் போதுமென்று அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்.

"இன்னொன்னுங்க," என்றார் பெரியசாமி. "படுத்தவரு எந்திரிச்சு, சிரிச்சுப்போட்டுத்தான் தோப்ப உட்டுப் போகோணும். ஆமாங்க."

அது சினிமாக்காரர்களுக்கும் வழக்கம்தான். செத்ததாக நடித்தவரை அப்படியே விடக் கூடாது. காட்சி முடிந்ததும் அவர் எழுந்து கேமராவைப் பார்த்துச் சிரிக்க வேண்டும். அதையும் படம்பிடிப்பார்கள். அந்தத் துண்டு எந்தத் திரைக்கும் வராது. நடித்த சாவு நிஜ உயிரில் ஒட்டிக்கொள்ளாமல் இருக்க அது ஒரு கழிப்பு. பூசணிக்காய் உடைத்தார்கள். சூடம் காட்டினார்கள். மார்பில் சிவப்புச் சாயம் வழிய, பிணம் எழுந்து உட்கார்ந்து பல்லெல்லாம் தெரியச் சிரித்தது. கட்டியிருந்த ஆடுகள் மிரண்டு கயிற்றை இழுத்தன.

வேலியோரம் நின்ற வேலைக்காரப் பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் முணுமுணுத்தது என் காதில் விழுந்தது: "பண்ணாடி தோப்புல செத்தவனுங்கூடச் சிரிச்சுட்டுத்தான் போறான் பாரு. நாம உசுரோட இருந்து என்னத்தக் கண்டோம்."

மதியம் பெரியசாமி வீட்டில் எனக்கு இலை போட்டார்கள். அரிசிம்பருப்புச் சாதம், மேலே உருகுகிற நெய், கத்தரிக்காய்ப் பொரியல். "அட, இன்னுங் கொஞ்சம் போட்டுக்குங்க, எழுதறவங்க இப்படித் திங்காம இருந்தா எழுத்து எப்படிங்க வரும்?" என்று வீட்டம்மா கரண்டியோடு நின்றார். கை கழுவப் பின்பக்கம் போனேன். அந்தப் பெண்கள் களத்துமேட்டில், வெயிலில், பொட்டலச் சோறு தின்றுகொண்டிருந்தார்கள். இன்னொரு பக்கம் படப்பிடிப்புச் சாப்பாடு: நட்சத்திரங்களுக்கு ஒரு குடை, தொழில்நுட்பக்காரர்களுக்கு ஒரு மேஜை, துணை நடிகர்களுக்கு மரநிழலில் ஒரு வரிசை. கதையில் மட்டும்தான் வர்க்கம் இருக்கிறது என்று நினைப்பவர்கள், படம் எடுப்பவர்கள் சாப்பிடும்போது ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும்.

அடுத்த கட்டப் படப்பிடிப்பு இடுக்கி மலையில். அங்கே நான் கம்பம் வழியாகப் போனேன். கம்பத்தில் என்னை ஏற்றிக்கொள்ள ஒரு ஜீப் வந்திருந்தது. ஓட்டி வந்தவர் முருகேசன். ஐம்பதைத் தொடுகிற வயது, ஒல்லி, காதோரம் நரை. குமுளிக்கு மேலே ஒரு தோட்டத்து லயத்தில் குடியிருப்பவர். எந்த வீட்டைக் கொலைகாரன் வீடாக எடுக்கப் போகிறார்களோ அது அவருடைய வீடுதான்.

ஒரு கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஆவி விட்டது. கல்லை முட்டுக்கொடுத்துவிட்டு, பாறையில் கசிகிற தண்ணீரை டப்பாவில் பிடித்து ஊற்றினார். கீழே கம்பம் பள்ளத்தாக்கு திராட்சைப் பந்தல்களும் தென்னையுமாக விரிந்து கிடந்தது. மேலே காற்றில் ஏலக்காய் வாசம் தொடங்கியிருந்தது. இரண்டு மாநிலத்துக்கும் நடுவில், எதற்கும் சொந்தமில்லாத ஒரு வளைவில், பொழுது போவதற்காக அவருக்கு அந்தச் சிரித்த பிணத்தின் கதையைச் சொன்னேன். அவர் ஜீப்பின் மூக்கைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"செத்தவனையே சிரிக்க வச்சுட்டாகளா? எங்க வீட்டுக்காரிகிட்டச் சொல்லணும் சார், நம்ப மாட்டா."

பிறகு துணியில் கையைத் துடைத்தபடி சொன்னார்: "என்னையும் நடிக்கச் சொல்லியிருக்காக. கொலகாரங்கூட இன்னொருத்தனும் கைதாகணுமாம். வர வேண்டிய ஆளு வரல. ஒரு சேட்டன் என்னைய மேலயும் கீழயும் பாத்தாரு. 'இந்த முகம் போதும், மேக்கப் வேண்டாம்'னுட்டாரு."

அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று சாயங்காலம் குமுளியில் ஒரு கடையில் கப்பையும் மீன்குழம்பும் தின்றேன். கிழங்கின் மென்மைக்கும் குழம்பின் புளிப்புக்கும் நடுவே நாக்கு அலைந்தது. பக்கத்து மேஜையில் இரண்டு பேர் படப்பிடிப்பைப் பற்றி மலையாளத்தில் பேசிக்கொண்டார்கள்.

"கடைசியில் கொலை செய்கிறவன் தமிழன்தானே?"

"பின்னே? நம்ம ஆளாக இருந்தால் அது குடும்பப் படமாகிவிடுமே."

இரண்டு பேரும் சிரித்தார்கள். நானும் உள்ளுக்குள் சிரித்து, உடனே குழம்பு காரமாக இருப்பதைப் போலத் தண்ணீர் குடித்தேன். நம் படங்கள் மட்டும் யோக்கியமா? திருச்சியில் உட்கார்ந்து பார்க்கிற படத்தில் வடக்கிலிருந்து ரயிலேறி வந்த கூலிக்காரன் கதவைத் தட்டினால், அரங்கமே நாற்காலி நுனிக்கு வந்துவிடுகிறது. அவன் எதுவும் செய்திருக்க வேண்டாம். புரியாத மொழியும் புழுதி படிந்த காலும் போதும். கொலைப் படங்கள் கொலையைத் தேடுவதில்லை. நாம் முன்பே பயந்துகொண்டிருந்த ஆளைத் தேடிப் பிடித்து, பயந்தது சரிதான் என்று நம் முதுகில் தட்டிக்கொடுக்கின்றன. பணக்காரன் கொன்றால் அதற்குப் பின்னால் ஒரு மூளை இருக்கும், மெல்லிய பியானோ இருக்கும். ஏழை கொன்றால் வியர்வையை மட்டும் கிட்டத்தில் காட்டுவார்கள்.

மறுநாள் காலை லயத்துக்குப் போனபோது அங்கே ஒரு சிக்கல் முளைத்திருந்தது.

முருகேசனின் மனைவி செல்வி, கொழுந்து பறிக்கிற வேலை. தன் வீடு படத்தில் வரப்போகிறது என்று கேள்விப்பட்டு, பக்கத்து வீட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு வீட்டுக்கு நீலம் கலந்து சுண்ணாம்பு அடித்திருந்தாள். பாத்திரங்கள் புளி போட்டுத் துலக்கி அடுக்கியிருந்தன. வாசலில் பெரிய கோலம். வீடு கல்யாணப் பெண்ணைப் போல நின்றது. கலை இயக்குநரின் ஆட்கள் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்குக் கரி பிடித்த சுவர் வேண்டும். அதற்காகத்தான் இந்த வீட்டையே தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

செல்வி பிரட்டுக்குப் போய்விட்டாள். ஆட்களைக் கூட்டி அன்றைய வேலை பிரித்துக்கொடுக்கிற காலைக் கணக்கெடுப்பைத் தோட்டத்தில் பிரட்டு என்கிறார்கள். அவள் இல்லாத நேரத்தில் மண்ணெண்ணெய் விளக்கின் புகையைச் சுவரில் காட்டி, கையால் தேய்த்து, ஈரச் சாக்கைத் தொங்கவிட்டு, பாத்திரங்களைக் கவிழ்த்து வைத்து, மதியத்துக்குள் வீட்டை ஏழையாக்கினார்கள். கோலத்தின் மேல் பூட்ஸ் தடங்கள். இந்த வாசலில் யாரும் எதையும் கழற்றவில்லை.

முற்றத்தில் ஒரு நாற்காலியில் கதாநாயக அந்தஸ்துள்ள நடிகர் உட்கார்ந்திருந்தார். கொலைகாரன் அவர்தான். வெளுத்த உடம்பு. இரண்டு பேர் அவர் கழுத்திலும் கையிலும் பழுப்பு மையைப் பூசிப் பூசி, பக்கத்தில் நின்ற முருகேசனைப் பார்த்துப் பார்த்து நிறத்தைச் சரிசெய்தார்கள். முருகேசன் பொறுமையாகக் கையை நீட்டிக்கொண்டிருந்தார், மாதிரித் துணியைக் காட்டுகிற கடைக்காரரைப் போல.

கைதாகும்போது நடிகர் பேச வேண்டிய வசனம்: "எங்க ரத்தமே இப்படித்தான் சாரே." அதை அடித்துவிட்டு நான் வேறு எழுதிக் கொடுத்திருந்தேன். இயக்குநர் படித்தார். "நல்லா இருக்கு சார். ஆனா அது இருந்தாத்தான் தியேட்டர்ல உறைக்கும்." பழையதே திரும்பி வந்தது. அதன் உச்சரிப்பைச் சரிசெய்வது மட்டும் என் வேலையாக மிஞ்சியது.

ஒத்திகை தொடங்கியது. கான்ஸ்டபிளாக வேடம் போட்டவர் கொல்லங்கோட்டுக்காரர், பிரகாசன். ஊரில் லாட்டரிச் சீட்டு விற்கிறவர். எந்தப் படத்துக்குப் போனாலும் கான்ஸ்டபிள் வேடம்தான் கொடுப்பார்களாம். சட்டை அவருக்கு ஒரு அளவு சிறியது. நடிகருக்கும் முருகேசனுக்கும் விலங்கு மாட்டி, லயத்தின் நடுவே இறங்கும் படிகளில் கீழே இருக்கிற தண்ணீர்க் குழாய்வரை இழுத்துப் போக வேண்டும். இரண்டு பக்கமும் லயத்து ஜனங்கள். கூட்டமாக நிற்பதுதான் அவர்களுக்கு வேடம்.

எதிர்வீட்டு அன்னக்கிளி, பெருத்த குரல்காரி, கத்தினாள்: "ஏப்பா முருகேசா! போன தடவதான் சும்மா போன. இந்தத் தடவயாவது எதையாச்சும் எடுத்துட்டுப் போப்பா!"

லயம் முழுக்கச் சிரிப்பு. முருகேசனும் சிரித்தார். அதே நேரம் கொழுந்துச் சாக்கு முதுகை அழுத்த, மேலேயிருந்து செல்வி இறங்கி வந்தாள். சுவரைப் பார்த்தாள். கோலம் இருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு விலங்கைப் பார்த்தாள். அவள் சிரிக்கவில்லை.

நான் அந்த வீட்டுப் பின்பக்கம் ஒதுங்கினேன். அவள் எனக்குப் பாலில்லாத கட்டன்சாயா கொடுத்தாள், சர்க்கரையும் இல்லாமல். "சீனி வச்சிருந்த டப்பாவ எங்கயோ தூக்கிப் போட்டுட்டாக," என்றாள். போன தடவை என்றால் என்ன என்று கேட்டேன்.

"கல்யாணமான புதுசு சார். பாக்டரில மோட்டாரு காணாமப் போச்சு. இவுக அப்ப டிராக்டர் ஓட்டுனாக. போலீஸ் நேரா இங்கதான் வந்துச்சு. இதே படி. உடுத்தியிருந்த கைலியக் கிழிச்சுக் கையக் கட்டி இறக்கிட்டுப் போனாக. லயமே பாத்துச்சு. அப்புறம் எடுத்தது வேற ஆளுன்னு தெரிஞ்சுபோச்சு, விட்டுட்டாக. இவுக மழையில நனைஞ்சுக்கிட்டு, இருட்டுனப்புறம் வந்து சேந்தாக. கூட்டிட்டுப் போனத அம்புட்டுப் பேரும் பாத்தாக. திரும்பி வந்தத ஒருத்தரும் பாக்கல."

அடுப்பில் ஒரு குச்சியைத் தள்ளினாள்.

"அன்னக்கிளி விளையாட்டாத்தான் சொல்லுதா, தெரியும். ஆனா இன்னும் அதத்தான சொல்லுதா? இவுக போன மாதிரியேதான் எல்லாருக்கும் நெனப்பு இருக்கு. வந்தாகங்கிறது எனக்கு மட்டும்தான் தெரியும்."

வேண்டாமென்று சொல்லிவிடலாமே என்றேன்.

"வாக்குக் குடுத்துட்டாக. நடிச்சுட்டுப் போகட்டும். ஆனா சார்..." அவள் நிமிர்ந்தாள். "தோப்புல செத்தவரு எந்திரிச்சுச் சிரிச்சாராமே. அதப் படம் எடுத்தாகளாமே. அப்ப இவுகளயும் விலங்கக் கழட்டி, இதே படியில ஏறி வீட்டுக்கு வாற மாதிரி ஒண்ணு எடுக்கச் சொல்லுங்க. லயம் பாக்கணும்."

இயக்குநரிடம் கூட்டிப்போனேன். அவருக்குத் தமிழ் நன்றாகவே புரியும். இருந்தாலும் அவள் பேசி முடித்ததும் என்னைத்தான் பார்த்தார்.

"அது மரணத்துக்குச் செய்யறது சேச்சி. இவர் சாகலையே. அரெஸ்ட்தானே."

"செத்தவருக்கு அது எதுக்கு சார்?" என்றாள் செல்வி. "அவரு எந்திரிச்சு அடுத்த படத்துக்குப் போயிருவாரு. இவுக இங்கனதான இருக்கணும்."

இயக்குநர் படிகளைத் திரும்பிப் பார்த்தார். "சரி. கடைசியா எடுக்கலாம்," என்றார். சொன்னபோது அவர் அதை நம்பித்தான் சொன்னார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

கைதுக் காட்சியைத் திரும்பத் திரும்ப எடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் நடிகர் ரத்தத்தைப் பற்றிய வசனத்தை முழங்கினார். ஒவ்வொரு முறையும் முருகேசன் வாய் பேசாமல் படியிறங்கினார். முதல் இரண்டு தடவை அவர் முகத்தில் வெட்கச் சிரிப்பு இருந்தது. "சிரிக்கக் கூடாது சேட்டா," என்றார்கள். அப்புறம் சிரிப்பு தானாகவே போய்விட்டது. தலை குனிந்தது. தோள் உள்ளே ஒடுங்கியது. யாரும் சொல்லிக்கொடுக்காமல் அவர் கால்கள் அந்தப் படிகளில் முன்பு இறங்கிய விதத்தை நினைவுபடுத்திக்கொண்டன. "அருமை," என்றார் ஒளிப்பதிவாளர். அன்னக்கிளியும் சத்தத்தை நிறுத்தியிருந்தாள். ஜனங்கள் இப்போது நிஜமாகவே கூட்டமாக நின்றார்கள்.

கடைசி முறை முடிந்தபோது மேல் தோட்டத்திலிருந்து மூடுபனி இறங்கியது. முதலில் மரங்கள் போயின, பிறகு கூரைகள். ஒளிப்பதிவாளர் வானத்தைப் பார்த்துக் கையை விரித்தார். பேக்கப் என்று ஒரு குரல். விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. மறுநாள் குழு வேறு ஊருக்குப் போகிறது.

இயக்குநர் செல்வியின் அருகே வந்து, "வெளிச்சம் போயிடுச்சு சேச்சி, மன்னிக்கணும்," என்றார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். இதில் அவளுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை. கோவிந்தாபுரத்தில் ஒரு டம்ளர் காபிக்குள் நகர்ந்த சினிமா இங்கே ஒரு மேகத்துக்குக் கட்டுப்பட்டு நின்றது. நான் வாயைத் திறந்து எதையோ சொல்லவும் செய்தேன். அதற்குள் ஜெனரேட்டர் வண்டி கிளம்பிய சத்தத்தில் அது போய்விட்டது.

கீழே குழாயடியில் முருகேசன் இன்னும் விலங்கோடுதான் நின்றார். சாவி பிரகாசனிடம் இருந்தது. அவர் பூட்டில் சாவியை நுழைத்தார், பாதியில் நிறுத்தினார். மேலே வாசலில் நிற்கிற செல்வியைப் பார்த்தார். என்ன நினைத்தாரோ, தளர்த்திவிட்டிருந்த பெல்ட்டை இறுக்கினார். கக்கத்தில் இருந்த தொப்பியை எடுத்துத் தலையில் வைத்தார்.

பிறகு, எல்லோருக்கும் கேட்கும்படி, விலங்கைச் சடக்கென்று கழற்றினார்.

"வா அண்ணா," என்றார் மலையாளம் கலந்த தன் தமிழில். "நம்ம நடக்கலாம். வீட்டுல கொண்டு விட்டுட்டுத்தான் எனக்குப் போகணும்."

கேமரா பெட்டிக்குள் இருந்தது. பெட்டியைச் சுமந்துகொண்டு இரண்டு பேர் கீழே இறங்க, அவர்களுக்கு எதிராக இவர்கள் இருவரும் ஏறினார்கள். காக்கிச் சட்டை ஒரு பக்கம், முருகேசன் ஒரு பக்கம். பிரகாசன் அவரைத் தொடவில்லை. கூட நடந்தார், அவ்வளவுதான். மூடுபனியில் ஒரு வீட்டு வாசல் கடந்ததும் அடுத்த வாசல் தெரிந்தது. ஒவ்வொன்றிலும் ஆட்கள். யாரும் உள்ளே போகவில்லை. கைப்பிள்ளையை இடுப்பில் மாற்றிக்கொண்டு ஒருத்தி எட்டிப் பார்த்தாள். பீடியோடு உட்கார்ந்திருந்த கிழவர் எழுந்து நின்றார். முருகேசன் விடுபட்ட இரண்டு கைகளையும் எங்கே வைப்பதென்று தெரியாமல் முன்னால் தொங்கவிட்டபடி, ஒவ்வொரு வாசலையும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஏறினார். சிரிக்கவில்லை. சிரிக்கச் சொல்லவும் அங்கே யாருமில்லை.

கரி பூசிய சுவரின் முன்னால் செல்வி நின்றாள்.

"வந்துட்டீகளா," என்றாள். தினமும் கேட்கிற கேள்விதான். இன்று லயத்தின் அந்தக் கோடிவரை கேட்கும்படிக் கேட்டாள்.

"வந்துட்டேன்," என்றார் முருகேசன்.

பிரகாசன் திரும்பிப் போகப் பார்த்தார். "நீங்க எங்க போறீக? ஒரு வாய் சாயா குடிச்சுட்டுப் போங்க," என்றாள் செல்வி. அவர் தயங்கினார். தொப்பியை எடுத்தார். அழிந்த கோலத்தின் ஓரமாகக் குனிந்து நின்று, முடிச்சை அவிழ்த்து, இரண்டு பூட்ஸையும் கழற்றி, முருகேசனின் ரப்பர் செருப்புக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனார்.

போகிறவர் வருகிறவரெல்லாம் பார்க்கும்படி, அந்த வாசலில் போலீஸ் பூட்ஸ் நெடுநேரம் இருந்தது.

எதிர்வீட்டிலிருந்து அன்னக்கிளி குரல் கொடுத்தாள். "ஏ செல்வி, சீனி இருக்கா? இல்லாட்டி நான் கொண்டாறேன்."